74 வயதில் கன்னப் புற்றுநோய் ஆபரேஷன்: அதற்குப் பிறகு அப்பா எப்படி இருப்பார்?

அடுத்த கேள்வி, ஒரு மகள் அனுப்பியது. "அப்பாவுக்கு 74 வயது. கன்னத்தின் உட்புறம் புற்றுநோய். கீழ்த்தாடையில் ஒரு பகுதியையும் கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுக்க வேண்டும் என்கிறார்கள். இந்த வயதில் இவ்வளவு பெரிய ஆபரேஷன் தேவையா? அப்புறம் எப்படி இருப்பார்? அவரிடம் வாய்ப்புண் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம்."

கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன் அம்மா. அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். அவர் கண் விழிக்கும்போது மூக்கில் ஒரு குழாய் இருக்கும். பெரும்பாலும் கழுத்திலும் துளை போட்டு ஒன்று வைத்திருப்பார்கள். உங்களைக் கூப்பிட நினைத்தால் குரல் வராது. புண்ணுக்கு வைத்தியம் என்று நம்பி வந்தவருக்கு அந்த நிமிடம் எப்படி இருக்கும்? பெரியவர்களுக்கு முதல் சில நாட்கள் மனக்குழப்பம் வருவதும் உண்டு. குழாயைப் பிடுங்கப் பார்ப்பார்கள்.

சரி, வயது. 74 என்பதற்காக மட்டும் நாங்கள் வேண்டாம் என்று சொல்வதில்லை. தானாகக் கடைக்குப் போய் வருகிறாரா, எடை குறைந்திருக்கிறாரா, இதயமும் நுரையீரலும் தாங்குமா என்றுதான் பார்ப்போம்.

முதல் 3 மாதம் கஷ்டம்தான். கதிர்வீச்சும் தேவைப்பட்டால் பொதுவாக 6 வாரத்துக்குள் ஆரம்பிப்போம். வாய் வறளும், ருசி போகும். அதன்பின் மெல்ல மெல்லத் தேறி, 1 வருடத்தில் நிறைய பேர் தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். தோள் வலிக்கும், வாய் முழுதாகத் திறக்காது. இரண்டுக்கும் பயிற்சி உண்டு, விடாமல் செய்ய வேண்டும்.

பலரை அதிகம் வாட்டுவது சாப்பாடு. ஒரு பெரியவருக்குத் தாடையோடு நரம்பும் போய்க் கீழுதடு மரத்துவிட்டது. ரசஞ்சாதம் ஓரமாக வழிவது அவருக்கே தெரியாது. பேரன் ஒருநாள் துடைத்துவிட்டான். மறுநாளிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டார். எதிரே சின்னக் கண்ணாடி ஒன்றை வைத்துச் சாப்பிடப் பழக்கினோம். எங்கே வழிகிறது என்று பார்த்துத் தானே துடைத்துக்கொண்டார். கூடத்துக்குத் திரும்பி வர இரண்டு மாதம் ஆனது. வீட்டில் யாரும் அவரைத் தனியாகச் சாப்பிட விடாதீர்கள்.

இன்னொன்று, தண்ணீர். கூழை விடத் தண்ணீர்தான் சட்டென்று மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். சிலருக்கு இருமல்கூட வராது. சாப்பிட்டதும் குரல் கொழகொழவென்று மாறினாலோ, அடிக்கடி காய்ச்சல் வந்தாலோ உடனே காட்டுங்கள். விழுங்கும் பயிற்சி தருபவரை ஆபரேஷனுக்கு முன்பே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அட்மிட் ஆகும் அன்று ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு எழுத வராது என்றால் தண்ணீர், வலி, சளி, பாத்ரூம் என்று படம் ஒட்டிய அட்டை ஒன்று. மூக்குக் கண்ணாடியையும் காது மெஷினையும் வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள்.