மானிட்டர் ஆன் ஆகவில்லையா? முதலில் அந்தச் சின்ன விளக்கைப் பாருங்கள்

வணக்கம். இன்று ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கோடை மழை வந்தாலே பல பேருக்கு வருகிற பிரச்சினை இது. குடியாத்தத்தில் டிடிபி சென்டர் வைத்திருக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அப்படியே படிக்கிறேன்: "அண்ணா, நேற்று சாயங்காலம் இடி மழை. கரண்ட் போய்ப் போய் வந்தது. காலையில் கடையைத் திறந்தால் மானிட்டர் ஆன் ஆகவில்லை. சிபியு ஃபேன் மட்டும் சுற்றுகிறது. சர்வீஸ் செய்பவர் போனிலேயே பேனல் போயிருக்கும், புதுசு வாங்கிடுங்க என்கிறார். கெங்கையம்மன் சிரசு திருவிழா நோட்டீஸ் வேலை குவிந்து கிடக்கிறது. புதுசுதான் வாங்க வேண்டுமா?"

சகோதரி, அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். பேனல், அதாவது படம் காட்டும் திரை, போனால் பெரும்பாலும் கோடு விழும், பாதித் திரை வெளுத்துப்போகும், இல்லை விரிசல் தெரியும். இடி மழைக்குப் பிறகு ஒன்றுமே வரவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கரண்ட் வருகிற வழியை. அடுத்தது சிபியுவை. பேனல் கடைசியில்தான்.

மானிட்டரின் கீழ் ஓரத்தில், பட்டன் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு இருக்கும். கடை லைட்டை அணைத்துவிட்டு அதைப் பாருங்கள். எரியவே இல்லையா? ஆரஞ்சு நிறத்தில் எரிகிறதா, விட்டு விட்டு மின்னுகிறதா? வெள்ளையோ நீலமோ பச்சையோ நிலையாக எரிந்தும் திரை மட்டும் இருட்டாக இருக்கிறதா? நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆனால் இந்த மூன்றும் மூன்று வேறு வேறு கோளாறுகள்.

விளக்கே எரியவில்லை என்றால் கரண்ட் உள்ளே போகவில்லை. பிளக் பாயிண்டில் மொபைல் சார்ஜரைச் சொருகிப் பாருங்கள். ஜங்ஷன் பாக்ஸில் போட்டிருந்தால் அதை விட்டுவிட்டு நேராகச் சுவரில் போடுங்கள். சிபியுவுக்குப் போகிற பவர் கேபிளும் மானிட்டர் கேபிளும் பல மாடல்களில் ஒன்றேதான், மாற்றிச் சொருகிப் பார்க்கலாம். தனியாக அடாப்டர் இருக்கும் மானிட்டர் என்றால் அந்த அடாப்டர்மேல்தான் முதல் சந்தேகம். வேறு ஒன்றை எடுத்துப் போடும் முன் அதன்மேல் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பாருங்கள். 12 வோல்ட் மானிட்டரில் 19 வோல்ட் அடாப்டரைப் போட்டால் இருக்கிற போர்டும் போய்விடும்.

கரண்ட் போய்ப் போய் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஏறி இறங்கும்போது சில மானிட்டர்களில் பாதுகாப்புச் சர்க்யூட் தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும். எல்லா கேபிளையும் கழற்றுங்கள். பவர் பட்டனை அரை நிமிடம் அமுக்கிப் பிடித்து, பத்து நிமிடம் சும்மா விட்டு, மறுபடி பவர் கேபிளை மட்டும் சொருகி ஆன் செய்யுங்கள். இதிலேயே சரியாவதும் உண்டு.

அதற்கும் அசையவில்லை என்றால் உள்ளே இருக்கும் பவர் போர்டு. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊர் வெயிலில் அதிகம் அடிபடுவது இதுதான். சுவரில் இருந்து வரும் 230 வோல்ட்டை இந்தப் போர்டுதான் சின்ன டிசி வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கிறது. அதில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டர்கள் உருளை மாதிரி நிற்கும். அவற்றுக்குள் இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல மெல்ல வற்றும். சூடு 10 டிகிரி செல்சியஸ் கூடினால் கெபாசிட்டரின் ஆயுள் பாதியாகிவிடும் என்பது எலக்ட்ரானிக்ஸில் பொதுவான கணக்கு. கத்திரி வெயிலில் வேலூர் பக்கம் 104, 106 டிகிரி ஃபாரன்ஹீட் என்று செய்தி வருகிறது. தகரக் கூரை போட்ட கடைக்குள், சுவரை ஒட்டிக் காற்றே போகாமல் இருக்கும் மானிட்டருக்குள் எப்படி இருக்கும்? கழற்றிப் பார்த்தால் தட்டையாக இருக்க வேண்டிய தலை உப்பியிருக்கும். அடியில் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருக்கும். கொஞ்ச நாளாகவே காலையில் ஆன் ஆக நேரம் எடுத்ததா, இரண்டு மூன்று தடவை பட்டனை அமுக்க வேண்டியிருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். ஆமாம் என்றால் மழை ஒரு சாக்குதான், கெபாசிட்டர் முன்னாடியே தளர்ந்துவிட்டது. இது மாற்றக்கூடிய பொருள், புது மானிட்டர் செலவு கிடையாது.

ஆனால் நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். உயிருக்கே ஆபத்து. இன்னொன்று, ஃப்யூஸ் கருகியிருந்தால் அதை மட்டும் மாற்றிக் கொடுப்பவரிடம் விடாதீர்கள். ஃப்யூஸ் கருகியது ஏன் என்று அதற்குப் பின்னால் இருப்பதையும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் மறு நிமிடமே அதுவும் போகும். அதே ராத்திரி உங்கள் தெருவில் டிவி, ஃபிரிட்ஜ் என்று வேறு வீடுகளிலும் போயிருக்கிறதா என்று விசாரியுங்கள். விளக்கெல்லாம் திடீரென்று பிரகாசமாக எரிந்து, ஃபேன் வேகமாகச் சுற்றியது என்று சொன்னால் கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயர் எங்கோ விட்டுப் போயிருக்கலாம். அப்படியானால் உடனே ஈபியில் சொல்லுங்கள். அது சரியாகாமல் எதையும் சொருக வேண்டாம்.

சரி, விளக்கு ஆரஞ்சாக எரிகிறது அல்லது மின்னுகிறது என்றால் நல்ல செய்தி. மானிட்டருக்கு உயிர் இருக்கிறது, படம் வரவில்லை என்று காத்திருக்கிறது. அது ஆனில் இருக்கும்போதே எச்டிஎம்ஐ அல்லது விஜிஏ கேபிளைக் கழற்றுங்கள். 'நோ சிக்னல்' என்று ஒரு கட்டம் சில நொடி வந்து போகிறதா? வந்தால் பேனலும் சரி, பவர் போர்டும் சரி. கோளாறு கேபிளில் அல்லது சிபியுவில்.

ஃபேன் சுற்றுகிறது என்பதால் சிபியு நன்றாக இருக்கிறது என்று ஆகாது. மதர்போர்டில் சொருகியிருக்கும் ரேம் என்ற மெமரி கார்டு சரியாக உட்காராவிட்டாலும் ஃபேன் சுற்றும். கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அமுக்குங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் சிபியு வேலை செய்கிறது, கேபிளையும் மானிட்டர் மெனுவில் இன்புட்டையும் பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிள் அதில் சொருகியிருக்க வேண்டும், மதர்போர்டில் அல்ல. கேப்ஸ் லாக் அசையவே இல்லை என்றால் சிபியு பிளக்கைப் பிடுங்கி, ரேமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பல்லை அழி ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, இரண்டு பக்கமும் 'டக்' என்று பிடிக்கும் வரை அமுக்கிப் போடுங்கள்.

மூன்றாவது, விளக்கு நிலையாக எரிகிறது, திரை இருட்டு. அறையை இருட்டாக்கி, சிபியு ஓடும்போது மொபைல் டார்ச்சைத் திரைக்குக் கிட்ட, சாய்வாகப் பிடியுங்கள். மங்கலாக ஐகானோ எழுத்தோ தெரிந்தால் பேனல் படம் காட்டுகிறது, அதற்குப் பின்னால் இருந்து வெளிச்சம் கொடுக்கும் பேக்லைட்தான் எரியவில்லை. அதையும் பல இடங்களில் சரிசெய்கிறார்கள். பேனலே போயிருந்தால் மட்டும்தான் மாற்றும் செலவு புது மானிட்டர் விலையை நெருங்கும், அப்போது புதுசு வாங்குவது நியாயம். வாங்கி மூன்று வருடம் ஆகவில்லை என்றால் பில்லைத் தேடுங்கள், பல மானிட்டர்களுக்கு மூன்று வருட வாரண்டி உண்டு. வெளியில் யாரும் திறந்துவிட்டால் அது போய்விடும்.

வேலூருக்குப் பஸ்ஸில் எடுத்துப் போவதாக இருந்தால் மானிட்டரைப் படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி வைத்து, திரைப் பக்கம் ஒரு அட்டை கொடுத்துக் கட்டுங்கள். பவர் கேபிளையும் அடாப்டரையும் கூடவே கொண்டு போங்கள். விளக்கு எப்படி எரிந்தது, டார்ச்சில் என்ன தெரிந்தது என்று மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். அவர் வேலை பாதியாகக் குறையும்.

இன்று நோட்டீஸ் முடிந்தாக வேண்டும் என்றால், சிபியுவை வீட்டு டிவியில் எச்டிஎம்ஐ கேபிளால் மாட்டிவிடுங்கள். ஓரம் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் டிவியின் பிக்சர் அளவை மாற்றினால் சரியாகும். டிவியில் மஞ்சளும் குங்குமச் சிவப்பும் பளிச்சென்று தூக்கலாகத் தெரியும், அதை நம்பி அம்மன் படத்தின் கலரைக் குறைத்துவிடாதீர்கள். ஒரு காப்பி பிரிண்ட் எடுத்துப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் ஓட்டுங்கள்.