படலையடியில் கேட்க வேண்டிய கேள்வி

(யாழ்ப்பாணத்து ஊரொன்றின் வாசிகசாலை மண்டபத்தில் மாதர் சங்கம் ஒழுங்கு செய்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவி அவர்களே, ஆச்சிமாரே, அம்மாமாரே, ஐயாமாரே, பள்ளிக்கூடம் விட்ட கையோடு வந்திருக்கிற பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

வீட்டுச் சிக்கனத்தைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். வெறும் போத்தலில் பூங்கன்று வைப்பது, பழைய ரயருக்குப் பெயின்ற் அடிப்பது என்று இந்த விஷயத்தில் நிறையக் குறிப்புகள் கைத்தொலைபேசிகளில் ஓடித் திரிகின்றன. போத்தலுக்கும் ரயருக்கும் பிறகு வருகிறேன். முதலில் பனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பொருளைக் கடைசி வரை எப்படிப் பாவிப்பது என்று இந்த மண்ணுக்குச் சொல்லித் தந்தது அதுதான்.

ஆடி, ஆவணியில் பழம் விழுகிறது. களியைப் பிசைந்து பாயில் ஊற்றிக் காயவிட்டால் பனாட்டு. களி எடுத்த கொட்டையை யாரும் எறிவதில்லை. பாத்தியில் அடுக்கி மண் போட்டு விட்டால் மாரி மழைக்கு முளைத்து, மார்கழி, தையில் கிழங்கு. கிழங்கை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், ஒடியல் மாவில் கூழ். பாத்தி கிளறிய பிறகு மிஞ்சுகிற கொட்டைக் கோதுதான் ஊமல். காய்ந்த ஊமல் அடுப்பில் நின்று எரியும். அதன் கரி பல் துலக்க, சாம்பல் சட்டி மினுக்க. சாம்பலில் உள்ள காரம் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து சவர்க்காரம் போலாகி அதைக் கழற்றி விடுகிறது. எங்கள் ஆச்சிமாருக்கு இந்த விளக்கம் தெரியாது. ஆனால் எந்தச் சட்டிக்குச் சாம்பல், எதற்குப் புளி, எதற்குப் பிழிந்து முடிந்த தேசிக்காய்க் கோது என்பது கைக்குத் தெரியும்.

ஓலையும் அப்படித்தான். பாய், சாமான் சுமக்கிற கடகம், சந்தைக்குக் கொண்டுபோகிற உமல் பை, பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி. விளிம்பு பிரிந்த கடகத்தைப் புது ஓலை வைத்துப் பொத்துவார்கள். பொத்தியதும் போனால் எரு அள்ள வைத்துக்கொள்வார்கள். அதற்கும் ஆகாமல் போனால் வேலியில் உக்கின ஓலையோடும் பழைய கிடுகோடும் சேர்த்துத் தோட்டத்து மண்ணில் தாழ்ப்பார்கள். அடுத்த போகம் அந்த மண்ணில் புகையிலையோ வெங்காயமோ நிற்கும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கடகம் பின்னுகிற அன்றைக்கே அது கடைசியில் எங்கே போகும் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இன்று நாங்கள் கடையிலிருந்து கொண்டுவருகிற எத்தனையோ சாமானுக்கு அப்படிப் போக இடமில்லை. ஒன்றில் ஒழுங்கையில் கிடக்கும், அல்லது கிணற்றடிக்குப் பின்னால் எரியும். சிக்கனம் படலையடியில், வளவு வாசலில், தொடங்க வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான். ஒரு சாமான் உள்ளே வரமுன்னம் கேளுங்கள்: வேலை முடிந்த பிறகு இது எங்கே போகும்? பதில் இருந்தால் வரட்டும். இல்லாவிட்டால் அது மலிவாகக் கிடைத்தாலும் உங்களுக்கு நட்டம்தான்.

போர்க்காலத்தில், 1990இல், எங்கள் பகுதிக்குச் சாமான் வராமல் தொடங்கிய பொருளாதாரத் தடையை இங்கே இருக்கிற பெரியவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி என்று தட்டுப்பாடில்லாத சாமான் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சை வைத்து, அது நனையுமளவு மட்டும் எண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வுக்குள் நூலைத் திரியாகச் செருகி எரித்தோம். போத்தலே காற்றுக்கு மறைப்பு. அந்த வெளிச்சத்தில் படித்து எத்தனை பிள்ளைகள் பல்கலைக்கழகம் போனார்கள்! சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வருகிற மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். பனங்களியைக் கரைத்து உடுப்புத் தோய்த்தோம். களியில் சபோனின் என்ற, நுரைக்கிற பொருள் இருக்கிறது. ஊத்தை போகும், ஆனால் பனம்பழ வாசம் போகாது. கொடியில் காயப்போட்டதை மாடு சப்பாமல் காவல் இருக்க வேண்டும்.

அந்தக் காலத்தை நான் புகழ வரவில்லை. மருந்தில்லாமல் உயிர்கள் போன காலம் அது. பிள்ளைகளுக்கு அப்படியொரு நாள் திரும்ப வரக்கூடாது. ஆனால் அந்தக் கைப்பழக்கம் எங்களோடு செத்துப் போகவும் கூடாது. 2022இல் எரிவாயுச் சிலிண்டருக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாட்கணக்காக வரிசையில் நின்றோமே, அப்போது கொள்ளி அடுக்கி அடுப்பு மூட்டத் தெரிந்த வீட்டில் நேரத்துக்குச் சோறு வெந்தது.

சரி, இப்போது குசினிக்குப் போவோம். வீட்டுக் காசில் நிறையப் போவது அங்கேதான்.

அடுப்பு எரிகிற நேரத்தைக் குறைப்பதுதான் முதல் வேலை. பயறு, கடலை, கௌபியை இரவே ஊறப் போடுங்கள். சட்டியை மூடிச் சமையுங்கள். குத்தரிசிச் சோறு வேக நேரம் எடுக்கும். கொதி வந்து பத்து நிமிடம் எரியவிட்டு, மூடியை இறுக்கி, வைக்கோலோ பழந்துணியோ நிரப்பிய பெட்டிக்குள் பானையை இறக்கி மேலாலும் மூடிவிடுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விட்டால் உள்ளேயிருக்கிற சூட்டிலேயே மீதி வெந்துவிடும். பொதுவாக விடுகிறதைவிடத் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து விடுங்கள், ஆவி வெளியே போகாது. காலையில் வேலைக்கு ஓடுகிற தங்கைமார் இதைச் செய்து பார்க்க வேண்டும். அடுப்படியில் காவல் நிற்கவும் தேவையில்லை.

தேங்காய் விலை எல்லோருக்கும் தெரியும். முதற்பால், இரண்டாம் பால், கப்பிப் பால் என்று மூன்றையும் எடுங்கள். மரக்கறியை அவிப்பதற்குக் கப்பிப் பால் போதும், இறக்கும்போது முதற்பால். பிழிந்த சக்கை கோழிக்கு, சிரட்டை அடுப்புக்கு அல்லது அகப்பைக்கு. வாழைக்காய் சீவினால் தோலை அவித்து உள்ளி, மிளகாய், தேசிப்புளியோடு சம்பல் அரையுங்கள். வாழைப்பொத்தியை வறை ஆக்குங்கள். குலை வெட்டினால் தண்டு கறிக்கு, தடல் பந்தல் கட்டவும் பூமாலைக்கு நார் உரிக்கவும்.

பழஞ்சோற்றுக் குழையலைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. முதல்நாள் மிஞ்சிய சோற்றில் மிஞ்சிய கறிகளையெல்லாம் போட்டு, வெங்காயமும் பச்சைமிளகாயும் வெட்டி, தயிரோ தேசிப்புளியோ விட்டுக் குழைத்து, பெரியம்மாவோ ஆச்சியோ உருட்டிக் கையில் தர, சுற்றியிருந்து சாப்பிட்ட சாப்பாடு அது. நான் மனையியல் படிப்பித்தவள், அதனால் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இரவே சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வையுங்கள், மீன்கறியைச் சுண்டக் காய்ச்சி வையுங்கள். நாள் முழுக்க வெளியே கிடந்த வெறுஞ்சோற்றை எடுத்துச் சூடாக்கிக் கொடுக்காதீர்கள். அதில் வளர்கிற ஒருவகைக் கிருமி விடுகிற நஞ்சு சூட்டுக்கும் அழியாது. மிஞ்சாமல் அளந்து போடுவது எல்லாவற்றையும் விட நல்லது.

உடுப்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பருத்திச் சேலை கிழிந்தால் ஏணை, பிறகு தலையணை உறை, பிறகு அடுப்படிப் பிடிதுணி, கடைசியில் நிலம் துடைக்க. பொலியெஸ்ரர் சேலை அப்படி உதவாது. தண்ணீரை உறிஞ்சாது, நெருப்புப் பட்டால் உருகிக் கையில் ஒட்டும். தயவு செய்து அதைக் கிழித்துப் பிடிதுணி ஆக்காதீர்கள். கடையில் சேலையைத் தொட்டுப் பார்க்கும்போதே இதையும் யோசியுங்கள்.

தோட்டத்துக்கு வருவோம். இங்கே கைத்தொலைபேசிக் குறிப்புகளை அப்படியே எடுத்துச் செய்வதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. "முட்டைக் கோதைப் போடுங்கள், சாம்பலை அள்ளிப் போடுங்கள்" என்று சொல்கிறவர்கள் வேறெங்கோ இருக்கிற, புளிப்புத்தன்மை கூடின மண்ணை வைத்துச் சொல்கிறார்கள். யாழ்ப்பாணம் சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சினால் கேத்திலில் வெள்ளைப் படை படிகிறதே, அது சுண்ணாம்பு. அந்தத் தண்ணீரையே குடித்து வளர்கிற கன்றுக்கு இன்னும் சுண்ணாம்பும் காரமும் கொட்டினால் மண்ணிலே இருக்கிற இரும்புச்சத்தைக் கூட அதனால் எடுக்க முடியாது. இளம் இலை நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மற்ற இடம் மஞ்சளிக்கும். சாம்பல் நல்ல சாமான்தான், அளவோடு பாவியுங்கள். விடியப் பனி ஈரத்தோடு கத்தரி, பயிற்றை இலையில் அழுக்கணவன் பூச்சி பிடித்த இடத்துக்குத் தூவலாம். விதைப் பயறோடு கலந்து வைத்தால் வண்டு துளைக்காது. தும்புத் தூள் போட்ட சாடிக்குக் கொஞ்சம் போடலாம். பாத்தி முழுக்கக் கொட்ட வேண்டாம்.

அரிசி கழுவின தண்ணீர் மாடுள்ள வீட்டில் மாட்டுக்கு, இல்லாத வீட்டில் கறிவேப்பிலைக்கு. மீன் கழுவின தண்ணீர் முருங்கைக்கோ தேசிக்கோ. மேலே மண்ணைத் தட்டிவிடுங்கள், நாயும் இலையானும் வராது. தேயிலைச் சக்கையும் மரக்கறித் தோலும் கூட்டுப்பசளைக் குழிக்கு.

தேங்காய்ப் பொச்சு மட்டையை எரிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு மனம் பொறுக்காது. தென்னையைச் சுற்றிக் குழி வெட்டி, மட்டையின் உட்பக்கம் மேலே பார்க்க அடுக்கி, மண் போட்டு மூடுங்கள். லுணுவில தென்னை ஆராய்ச்சி நிலையமும் சொல்கிற முறை இது. மாரி மழையைக் குடித்து வைத்திருந்து, சோளகக் காற்று அடித்து மண் வெடிக்கிற மாதங்களில் மரத்துக்குக் கொடுக்கும். ஆறு இல்லாத ஊர் எங்களுடையது. ஐப்பசி, கார்த்திகையில் வானத்திலிருந்து வருவதையும் அதனால் கிணற்றில் ஊறுவதையும் வைத்துத்தான் ஆண்டு முழுக்கச் சீவிக்க வேண்டும்.

வேலியையும் சொல்ல வேண்டும். கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவை, முள்முருக்கு நின்ற வேலி கேட்காமலே குழை தந்தது. ஆட்டுக்குக் குழை, மண்ணில் தாழ்க்கக் குழை, கதியால், கொள்ளி. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தியபோது, மதில் கட்டிய வளவுகளில் தாழ்க்க ஒரு கட்டுக் குழை கூட இருக்கவில்லை. மதிலை இடிக்கச் சொல்லவில்லை. மதிலின் உட்பக்கம் நாலு சீமைக்கிளுவைத் தடியாவது இந்த மாரிக்கு ஊன்றுங்கள். அதன் இலையில் தழைச்சத்து நிறைய, மண்ணில் கெதியாக உக்கும்.

இனிப் பிளாஸ்ரிக். சாப்பாடு சுற்றுகிற பொலித்தீன் லஞ்ச் சீற்றை 2017இல் தடை செய்தார்கள். ஆனால் பிளாஸ்ரிக் எங்கள் கையை விட்டுப் போகவில்லை. போத்தலை இரண்டாந்தரம் பாவிக்கலாம்: மூடியில் ஊசித்துளை போட்டு, அடியை வெட்டி, கன்றடியில் தலைகீழாகப் புதைத்தால் சொட்டுச் சொட்டாக வேருக்குத் தண்ணீர் போகும். பசளைப் பையைக் கழுவி மண் நிரப்பி மிளகாய் நடலாம். நல்லதுதான். ஆனால் உங்கள் வீட்டுக்குத் தேவையான போத்தல் பத்தோ பன்னிரண்டோ. அதற்கு மேல் வருகிற ஒவ்வொன்றும் "பிறகு உதவும்" என்று வீட்டுக்குப் பின்னால் கோடியில் குவிகிற குப்பை. சந்தைக்கு உமலைக் கொண்டு போனால் அந்தக் குவியல் வராது. பயிருக்கு அடிக்கிற கிருமிநாசினிப் போத்தலை எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுப் பாவனைக்கு எடுக்காதீர்கள், எத்தனை தரம் கழுவினாலும் சரி. அடுப்பு மூட்டப் பொலித்தீனைக் கொளுத்துகிற பழக்கத்தையும் விடுங்கள். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது அடுப்படியில் நிற்கிற நீங்கள். காய்ந்த பன்னாடை இருக்கிறது, தென்னம்பாளை இருக்கிறது.

கோடியில் குவித்து வைப்பதற்கு இன்னொரு விலையும் உண்டு. 2023 கடைசியிலும் 2024 தொடக்கத்திலும் டெங்கு எங்கள் மாவட்டத்தை எப்படி வாட்டியது என்று தெரியும். சிரட்டை, யோகட் கோப்பை, ரயர், உடைந்த வாளி, எல்லாம் நுளம்புக்கு வீடு. முட்டை காய்ந்த பாத்திரத்தில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தண்ணீர் பட்டதும் பொரித்து, ஒரு கிழமை பத்து நாளில் நுளம்பாகப் பறக்கும். சாடிக்கு அடியில் வைக்கிற தட்டையும் பூவைக்கிற பாத்திரத்தையும் கிழமைக்கு ஒருதரம் தும்பால் உரஞ்சிக் கழுவுங்கள். தண்ணீரை மட்டும் ஊற்றினால் சுவரில் ஒட்டிய முட்டை போகாது.

(உரை முடிந்தபின் கேட்கப்பட்ட இரு கேள்விகளும் பதிலும்)

முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா: "பிள்ளை, வளவுக்குள்ளே ஏற்கெனவே கிடக்கிற ரயரை என்ன செய்கிறது?"

அடியில் நாலைந்து ஓட்டை போட்டு மண் நிரப்பினால் வள்ளிக்கொடி வைக்கலாம், அம்மா. உள்வளையத்தில் தண்ணீர் தங்காமல் மண்ணை இறுக்கி நிரப்ப வேண்டும். ஊஞ்சல் கட்டினாலும் ஓட்டை போடத்தான் வேண்டும். உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை என்றால் மழைக்கு முன்னம் பிரதேச சபையோடு கதைத்து ஏற்றிவிடுங்கள். கொளுத்த மட்டும் வேண்டாம்.

ஒரு தங்கை: "உடுப்புத் தோய்க்கிற தண்ணீரைக் கீரைப் பாத்திக்கு விடலாமா?"

கீரைக்கு வேண்டாம், தங்கச்சி. சலவைத் தூளில் சோடியம் இருக்கிறது. அது மண்ணில் சேரச் சேர மண் இறுகிப் போகும். குளிக்கிற தண்ணீர் வாழைக்கும் தென்னைக்கும் போகலாம். தோய்க்கிற தண்ணீரில் கடைசியாக அலசுகிறதை மட்டும் வாழைக்கு விடுங்கள், ஒரே மரத்துக்கு நெடுக விடாமல் மாற்றி மாற்றி. எதை விட்டாலும் வாய்க்காலைக் கிணற்றுக்கு எதிர்ப்பக்கமாக வெட்டுங்கள். சுண்ணக்கல்லில் வெடிப்பும் துளையும் நிறைய. நிலத்தில் ஊற்றுவது வடிபட நேரமில்லாமல் கெதியாகக் கீழே போய்விடும். உங்கள் வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று இன்று வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். அயல் வீட்டுக் கிணறு எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.