ஆள் சேர்த்தால் அயர்ச்சி தீரும், ஆற்றாமை தீருமா?

நடுவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் என் சக செவிலியர்களே, அனைவருக்கும் வணக்கம்.

உலகச் செவிலியர் நாளையொட்டித் திருவாரூரில் கூடியிருக்கும் இந்த மன்றத்தின் தலைப்பு, செவிலியரின் மன அழுத்தத்தைத் தாங்கச் செய்வது நல்ல பணிச்சூழலா, ஆன்மிக நலனா என்பது. ஆன்மிக நலனே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பொது வார்டில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், பிற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர் என்று இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்திருக்கும் அளவை எடுத்துக்காட்டினார். பணியால் வரும் சோர்வை நோய் என்று சொல்லாமல், பணியிடம் சார்ந்த நிகழ்வு என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் விளக்கியதையும் சொன்னார். இரண்டும் உண்மை. கட்டில்கள் நிறைந்து தரையிலும் பாய் விரித்திருக்கும் இரவில், ஒற்றை ஆளாக நிற்கும் சிஸ்டரிடம் போய்த் தியானம் செய்யச் சொல்வது கேலியே தவிர வேறில்லை. அவருடைய வழக்கில் பாதியை இப்போதே ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வழக்கு மீதிப் பாதியில் இருக்கிறது.

ஊசி, மருந்து, கேஸ் ஷீட், பதிவேடு, உறவினர்களின் கூச்சல், அடுத்தடுத்து வரும் நைட் டூட்டி இவற்றால் வருவது அயர்ச்சி. அதற்கு ஆள் வேண்டும், உறக்கம் வேண்டும், விடுப்பு வேண்டும். ஆனால் நேற்று இரவு வரை நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவரின் கட்டிலுக்கு இன்று காலை புது விரிப்புப் போட்டு அடுத்தவரைப் படுக்க வைக்கிறோமே, அப்போது நெஞ்சில் தங்கும் ஆற்றாமையை எந்த டூட்டிப் பட்டியலைத் திருத்தி எழுதிப் போக்குவது?

2004-ஆம் ஆண்டை இந்த மாவட்டங்களில் பணியாற்றிய எந்தச் செவிலியரும் மறந்திருக்க முடியாது. ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்துக் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டார்கள். காயமுற்ற பிள்ளைகள் கும்பகோணம் அரசு மருத்துவமனையிலும் தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் சேர்க்கப்பட்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. தீக்காயம் பட்ட பிள்ளைக்குக் கட்டு மாற்றுவது என்றால் என்னவென்று இங்கே அமர்ந்திருக்கும் செவிலியர்களுக்குத் தெரியும். வலி தணிக்கும் மருந்து கொடுத்த பிறகும், ஒட்டிய துணியைப் பிரிக்கையில் குழந்தை அலறும். அலற வைப்பது நம் கை. மறுநாளும் அதே வேலைக்கு அதே கை போக வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு செவிலியர் என்று நிறுத்தினாலும், கட்டு மாற்றுகிறவர் உள்ளே கேட்டுக்கொள்வது ‘இந்தப் பிள்ளைக்கு ஏன் இது’ என்பதைத்தான். ஆள் கூடினால் அதைக் கேட்பவர்களும் கூடுவார்கள், அவ்வளவே.

இதை மனப்பிரமை என்று எதிரணி தள்ளிவிடலாம். ஆனால் லண்டனில் 1967-இல், இறுதிநிலை நோயாளிகளைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பைஸ் என்னும் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், முதலில் செவிலியராகப் பயின்று, பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளராகி, அதன் பின் மருத்துவரானவர். இறக்கும் நிலையில் உள்ளவரின் வலியில் உடல், மனம், சமூக உறவு, ஆன்மா ஆகிய நான்கும் பின்னிக் கிடப்பதைக் கண்டு, அதனை முழு வலி என்று அழைத்தவர் அவர். வலி வந்த பிறகு கொடுக்காமல், குறித்த நேரத்துக்குத் தவறாமல் மார்ஃபின் என்னும் வலி நீக்கும் மருந்தைக் கொடுக்க வேண்டும் என்று வலியுறுத்தியவரும் அவரே என்பதால், மருந்தை விட்டு வேண்டுதலைப் பிடித்துக்கொண்டவர் என்று அவரை ஒதுக்க முடியாது. நோயாளியின் வலிக்கு ஆன்மா என்ற ஒரு பக்கம் உண்டென்றால், டூட்டி முடியும் வரை அதன் அருகிலேயே நிற்பவருக்கு மட்டும் அது இல்லாமல் போய்விடுமா?

ஆன்மிக நலன் என்றவுடன் கோயிலுக்குப் போவதை மட்டும் எண்ண வேண்டாம். நான் செய்வதற்குப் பொருள் உண்டு, என் முன் கிடப்பவரோடு எனக்கு உறவு உண்டு என்னும் உறுதியே அது. கடவுளை நம்பாதவர்களுக்குக் கீழத்தஞ்சையில் என்றுமே பஞ்சமில்லை. அவர்களிலும் இந்த உறுதி மிக்க செவிலியர்களைக் கண்டிருக்கிறேன். வைத்தீஸ்வரன் கோயில், வேளாங்கண்ணி, நாகூர் என்று நோய் தீர வேண்டிச் செல்லும் தலங்கள் நிறைந்த இந்த மண்ணில், கையில் கயிறோ கழுத்தில் மாதா பதக்கமோ இல்லாமல் அறுவைக்கு வரும் நோயாளி குறைவு. தொற்றுக்கு இடமில்லாதபடி அதைக் கழற்றத்தான் வேண்டும். கேட்காமல் கத்தரித்துக் குப்பையில் போடும் செவிலியரும் உண்டு. சொல்லி அவிழ்த்து, காகிதத்தில் மடித்து, வெளியே நிற்கும் தாயின் கையில் கொடுத்துவிட்டு வருபவரும் உண்டு. இரண்டுக்கும் ஆகும் நேரத்தில் பெரிய வேறுபாடில்லை. ஆண்டுக்கணக்கில் இந்த வேலையில் வாடாமல் நிற்பவர் இரண்டாமவர் என்பதே நான் கண்டது. உலக சுகாதார நிறுவனம் பணிச்சோர்வுக்குச் சொன்ன மூன்று அடையாளங்களில் ஒன்று வேலையிலிருந்து மனம் விலகிப்போவது. எதிரணித் தலைவர் அந்த வரிக்கு முன்பே படிப்பதை நிறுத்திவிட்டார்.

நம்பிக்கை தீங்கும் செய்யும் என்பதை மறுக்கவில்லை. கடவுள் என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார் என்று எண்ணிச் சமாளிக்க முயல்வது மனத்தை மேலும் வதைக்கும் என்பதை அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமன்ட் பிரித்துக் காட்டியிருக்கிறார். தலைப்பில் பக்தி என்று போடாமல் நலன் என்று போட்டது நல்லதாயிற்று.

சேவை, தியாகம் என்று பேசிப் பேசியே எங்கள் ஊதியத்தைக் குறைத்தார்கள் என்று எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் சினந்தார். நியாயமான சினம். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வில் தேறியவர்களும் மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில்தான் சேர்ந்தார்கள். ஆனால் செவிலியர் நாளான மே 12 அன்று தேவதை என்று மேடையில் புகழ்ந்துவிட்டு மே 13 அன்று விடுப்பை மறுப்பதற்கு ஆன்மிகம் என்று பெயரில்லை. உரிய பெயரை அவை நாகரிகம் கருதிச் சொல்லாமல் விடுகிறேன். 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை இயக்ககம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் பணி நிரந்தரம் கேட்டுத் திரண்ட செவிலியர்கள், தங்கள் வேலைக்குப் பொருள் உண்டு என்ற உறுதி இல்லாமலா திரண்டார்கள்? உறுதி அற்றுப்போனவர் போராட வருவதில்லை, வேலையை விட்டுப் போய்விடுகிறார். ஆளும் ஊதியமும் தண்ணீர் என்றால், இந்த உறுதிதான் வாய்க்கால். மேட்டூரில் தண்ணீர் திறந்தால் மட்டும் போதாது, தூர் வாரிய வாய்க்கால் இருந்தால்தான் கடைமடைக்கு வரும் என்பதை இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நடுவர் மணியைத் தொடுவதற்குள், எதிரணியினர் பெருமையோடு எடுத்துவைத்த கல்வெட்டுக்கும் விடை சொல்லிவிடுகிறேன். 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டில், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலைக்கு, அதாவது மருத்துவமனைக்கு, மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொணர்வோர், பணிவிடைப் பெண்கள் இருவர் என்று ஆள் கணக்கு இருக்கிறது என்றார்கள். பதினைந்து பேருக்கு இருவர் என்பது நர்சிங் கவுன்சில் அளவுக்கு எட்டாது என்பதை அவர்கள் கவனிக்கவில்லை போலும். அந்த ஆதுலர் சாலை கோயிலைச் சார்ந்தது. கோயில் வழிபாட்டுக்கும் கல்வி பயின்றவர்களின் உணவுக்கும் நோயாளிகளின் பராமரிப்புக்கும் அதே கல்வெட்டில்தான் ஒதுக்கீடு எழுதப்பட்டிருக்கிறது. அவர்கள் படித்துக் காட்டியது ஆள் கணக்கை மட்டும். அடுத்து வரும் எதிரணி நண்பர், எல்லாப் பணியிடமும் நிரம்பிய வார்டில் ஒரு குழந்தையை இழந்த செவிலியர் அடுத்த கட்டிலுக்கு எதைக்கொண்டு நடந்து போவார் என்பதை முதலில் சொல்லிவிட்டு, மீதிக் கல்வெட்டையும் படிக்கட்டும் என்று கேட்டு அமர்கிறேன்.