அரிசி மாப் பாணும் உறைபெட்டியும்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்னும் புரதம் சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. அதை உண்டால், அவர்களது நோயெதிர்ப்புத் தொகுதியே சிறுகுடலின் உட்சுவரில் உணவை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற சடைமுளைகளைச் சிதைத்துவிடும். வாழ்நாள் முழுவதும் அதைத் தவிர்ப்பதே இன்று உள்ள வழி. கிளிநொச்சியில் எங்கள் வீட்டில் இளைய மகளுக்கு இந்த நோய் இருப்பது தெரிந்த நாளிலிருந்து வெதுப்பகத்துப் பாணும் பணிசும் மட்டுமன்றி, கோதுமை மா கலந்து அவிக்கும் புட்டும் ரவையும் அவளுக்கு நின்றுபோயின. அவளுக்கான பாணை அரிசி மாவும் மரவள்ளி மாவும் சேர்த்து, பிடிப்புக்கு இசப்கோல் உமி இட்டு, ஞாயிற்றுக்கிழமையில் நானே சுடுகிறேன். அதைக் கிழமை முழுவதும் எப்படி வைத்துக்கொள்வது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதன்முதலில் சுட்ட பாணைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தேன். மறுநாள் காலையில் கத்தி பட்டதும் அது மணல்போல் உதிர்ந்தது. பிள்ளை அன்று வெறும் வாழைப்பழத்தோடு பாடசாலைக்குப் போனாள். காரணம் பிறகுதான் விளங்கியது. வெந்த மாப்பொருள் ஆறும்போது மீண்டும் இறுகத் தொடங்குகிறது. அந்த இறுக்கம் மிக வேகமாக நடப்பது உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது குளிர்சாதனப் பெட்டியின் சாதாரணக் குளிரில்தான். குளூட்டன் இல்லாத பாண் பெரும்பாலும் மாப்பொருளாகவே இருப்பதால் அதற்கு இந்தப் பாதிப்பு அதிகம். மாறாக, உறைபெட்டியின் -18 பாகை செல்சியசில் இந்த மாற்றம் ஏறத்தாழ நின்றுவிடுகிறது. இறுகிய மாப்பொருளும் 60 பாகைக்கு மேல் சூடேறினால் மீண்டும் இளகும். முதல்நாள் இடியப்பத்தை மறுநாள் ஆவியில் வைத்தால் மெத்தென்று வருவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அதே நியாயம்தான் இங்கும்.

ஆகவே பாணை அன்றே உறைய வைக்க வேண்டும். ஆனால் சூடு முழுவதும் ஆறிய பிறகே வெட்டுங்கள். சூட்டோடு வெட்டினால் உள்ளே களிபோல் ஒட்டும், சூட்டோடு பொதி செய்தால் ஆவி பனியாகிப் பாணை நனைத்துவிடும். ஒரு விரல் தடிப்பில் துண்டுகளாக்கி, இடையிடையே ஒயில் பேப்பர் வைத்து, பையிலுள்ள காற்றைக் கையால் அழுத்தி வெளியேற்றிக் கட்டி, திகதி எழுதி வையுங்கள். முல்லைத்தீவிலிருந்து வரும் மீனும் அதே உறைபெட்டியில் இருக்கும் வீடுகளில், பையை மூடியுள்ள பெட்டி ஒன்றுக்குள் வைப்பது அவசியம். பாண் வாடையை இலகுவில் பிடித்துக்கொள்ளும். இரண்டு மாதம் வரை சுவை கெடாது.

சூடாக்கும்போது துண்டைக் கரைய விட்டுக் காத்திருக்க வேண்டாம். உறைந்தபடியே இடியப்பத் தட்டில் வைத்து, மூடியிலிருந்து நீர் சொட்டாதபடி துணி கட்டி, மூன்று நான்கு நிமிடம் ஆவியில் விட்டு, பிறகு வெறும் தோசைக்கல்லில் இரு புறமும் வாட்டினால், உள்ளே மென்மையும் வெளியே மொறுமொறுப்பும் கிடைக்கும். நுண்ணலை அடுப்பில் சில வினாடி கூடினாலும் துண்டு ரப்பர்போலாகி, ஆறியதும் கல்லாகிவிடும். கோதுமை ரொட்டி சுடும் கல்லை மட்டும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள்; அதில் ஒட்டியிருக்கும் துகளே நோயாளிக்குப் போதும். மகளுக்கென்று கல்லும் கத்தியும் பலகையும் புறம்பாக வைத்திருக்கிறேன். இதில் நான் எவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு வந்தது பலருக்கும் நினைவிருக்கும். நிறைந்திருக்கும் உறைபெட்டி, திறக்காமல் விட்டால், இரண்டு நாள்வரை குளிரைக் காக்கும். பாதி நிறைந்தது ஒரு நாள்தான். கோப்பையில் நீரை உறைய வைத்து அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்துவிடுங்கள். ஊரிலிருந்து திரும்பி வந்து பார்க்கையில் நாணயம் அடியில் கிடந்தால், பெட்டி இடையில் கரைந்து மீண்டும் உறைந்திருக்கிறது என்று அறியலாம்.

முட்டையும் எண்ணெயும் சேர்ந்த அரிசி மாக் கேக்குக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. காலையில் சாப்பாட்டுப் பெட்டிக்குள் உறைந்தபடியே வைக்கும் துண்டு, பாடசாலையில் இடைவேளை மணி அடிக்கும்போது தானாகவே கரைந்து, சுட்ட அன்றைய ஈரத்தோடு இருக்கும்.