சோப்புப் பாக்கி

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். இலக்கியம் கற்க அயல்நாட்டு நகரம் வேண்டுமா, நூலகமே போதுமா என்பது தலைப்பு. நகரம் வேண்டும் என்பது எங்கள் அணி.

எதிரணி நண்பர் சற்று முன் ஒரு போடு போட்டார்: "டப்ளினுக்குப் போய் இலக்கியம் படித்தவர்கள் ஒரு பட்டமும் ஓர் எலுமிச்சை சோப்பும் கொண்டு வருகிறார்கள், இரண்டில் சோப்புதான் உதவும்." நீங்கள் கைதட்டினீர்கள், நானும் சிரித்தேன். அந்நகரை 2010இல் யுனெஸ்கோ இலக்கிய நகரமாக அறிவித்ததைச் சொல்லும் என் குறிப்பை மடித்து வைத்துவிட்டேன். சோப்பைப் பற்றியே பேசுவோம்.

அயர்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் தம் ஊரான டப்ளினை வைத்து எழுதிய 'யுலிசிஸ்' நாவலில், 1904 ஜூன் 16 காலை, புளூம் என்பவர் ஸ்வெனி மருந்துக்கடையில் எலுமிச்சை மணக்கும் சோப்பு ஒன்றை எடுக்கிறார். விலை நான்கு பென்ஸ். மீண்டும் வரும்போது சேர்த்துக் கொடுக்கலாம் என்கிறார் கடைக்காரர், பாவம். மனிதர் திரும்பி வரவே இல்லை! குளித்துவிட்டு, சோப்போடு ஓர் இறுதி ஊர்வலத்துக்குப் போகிறார். வண்டியில் உட்கார்ந்தால் பின்பக்கப் பையில் ஏதோ உறுத்துகிறது. சாவு வண்டிக்குள் சோப்பை எப்படி எடுப்பது? பின்னிரவில் அதே சோப்பால் கை கழுவும்போதும், காசு இன்னும் தரப்படவில்லை என்று நாவலே கணக்கெழுதுகிறது. 120 ஆண்டுக்கு மேலான பாக்கி, நடுவர் அவர்களே! வட்டி போட்டால் கடையையே வாங்கிவிடலாம்.

அந்தக் கடையில் இப்போது மருந்து விற்பதில்லை. தன்னார்வலர்கள் நடத்தும் அவ்விடத்தில், பழைய புட்டிகள் அடுக்கிய அலமாரிகளுக்கு நடுவே அமர்ந்து, ஆளுக்கொரு பக்கமாக ஜாய்ஸை வாசிக்கிறார்கள். படிக்கப் போன காலத்தில் நானும் அங்கே அமர்ந்தேன். பாக்கி வைக்கும் இடம் வந்ததும், அருகிலிருந்த முதியவர் கடையின் கல்லாப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குலுங்கிச் சிரித்தார். வகுப்புக் குறிப்பில் அந்தப் பக்கத்துக்கு 'நனவோடை உத்தி', அதாவது மனத்தில் ஓடும் எண்ணங்களை அப்படியே எழுதும் முறை, என்று மட்டுமே இருந்தது. அது வாய்விட்டுச் சிரிக்க வேண்டிய இடம் என்று கற்பித்தவர் அந்த ஊர்க்காரர்தான்.

ஜாய்ஸே ஊரை விட்டுப் போய் டிரியெஸ்ட், சூரிச், பாரிஸ் என்று இருந்துதானே அதை எழுதினார் என்றும் நண்பர் மடக்கினார். உண்மைதான். அதற்கும் முன்பே, 1902 இறுதியில், மருத்துவம் படிக்கப் பாரிஸ் போன மாணவர் அவர். 1903 ஏப்ரலில் தந்தையிடமிருந்து தந்தி வந்தது: தாய் சாகக் கிடக்கிறாள், வீட்டுக்கு வா. கடன் வாங்கித் திரும்பினார். ஆகஸ்டில் தாய் இறந்தார். அந்தத் தந்தி நாவலிலும் வருகிறது. நம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து படித்தால் அது ஒரு வரி. அம்மாவின் குரலைத் தொலைபேசியில் மட்டுமே கேட்க முடிந்த அயலூர் அறையில் அதைப் படித்த இரவில், அங்கே மணி என்ன என்றுகூடப் பாராமல் வீட்டுக்கு அழைத்துவிட்டேன். தூக்கக் கலக்கத்தில் எடுத்தவள், "என்னப்பா, உடம்புக்கு என்ன?" என்று பதறினாள். "ஒன்றுமில்லை அம்மா, பாடம் படித்துக்கொண்டிருக்கிறேன்" என்றேன்.

அந்தப் பாடத்தை எந்த நூலகம் எனக்கு நடத்தியிருக்கும் என்பதை எதிரணியார் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.