ரீசெட் அடித்தும் அழியாத டிஸ்க்: என் அமிகா 500

வணக்கம் மக்களே. திரையில் சிவப்புப் பெட்டி மின்னுகிறதா? இதுதான் குரு மெடிடேஷன். மெஷின், அதாவது எண்பதுகளில் வந்த என் அமிகா 500 கம்ப்யூட்டர், படுத்துவிட்டது. பயப்பட வேண்டாம், நான்தான் வேண்டுமென்றே படுக்க வைத்தேன். இப்போது மவுஸின் இடது பட்டனை அழுத்துகிறேன்... திரும்ப பூட் ஆகிறது. ரேம் நினைவகத்தையே டிஸ்க் போலப் பயன்படுத்தும் சாதாரண ரேம் டிஸ்க்கைத் திறந்தால் காலி. பக்கத்தில் இருக்கும் ராட் (RAD) என்ற, ரீசெட்டைத் தாங்கும் ரேம் டிஸ்க்கைத் திறக்கிறேன், ஃபைல் எல்லாம் அப்படியே இருக்கிறது!

அமிகாவில் எனக்கு ரொம்பப் பிடித்தது கிராஃபிக்ஸ் இல்லை, இதுதான். ராட் 1988-இல் அமிகாவின் சிஸ்டம் மென்பொருளான வொர்க்பெஞ்ச் 1.3-உடன் வந்தது. ரீசெட் அடித்தாலும் மின்சாரம் நிற்பதில்லை, ஆகவே ரேமில் இருப்பது உடனே அழிந்துவிடாது. சிக்கல் என்னவென்றால், புதிதாக எழும் சிஸ்டம் அந்த இடத்தைக் காலி என்று நினைத்து அதன்மேலேயே எழுதிவிடும். தீபாவளி நேரத்தில் கோலாலம்பூர் (கேஎல்) பிரிக்பீல்ட்ஸில் பார்க்கிங் பிடிக்க வீட்டு ஆள் ஒருவரை முன்னாலேயே இறக்கி நிற்க வைப்போமே, ராட் செய்வதும் அதைத்தான். 'இந்த இடம் என்னுடையது' என்று ஒரு சின்னப் பட்டியலை, அது கெடவில்லை என்று சரிபார்க்க உதவும் கூட்டுத்தொகையான செக்சம்மோடு, நினைவகத்தில் விட்டுவைக்கும். மெஷினைத் தொடக்கி வைக்கும், ரோம் சிப்பில் இருக்கும் கிக்ஸ்டார்ட் எழுந்ததும் முதலில் அதைப் பார்க்கும். கணக்குச் சரியாக இருந்தால் அந்த இடத்தை யாருக்கும் கொடுக்காது. க்ராஷில் பட்டியலே கெட்டுப்போயிருந்தால் டிஸ்க்கும் போச்சு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அளவுதான் தலைவலி. ராட் தன்னை ஒரு பிளாப்பி போலக் காட்டிக்கொள்ளும், சிலிண்டர் எனப்படும் ஒவ்வொரு வட்டப் பகுதிக்கும் 11 கேபி. 80 சிலிண்டரும் கேட்டால் 880 கேபி. என்னிடம் இருந்ததோ, அடியில் சொருகிய கூடுதல் 512 கேபியையும் சேர்த்து மொத்தமே 1 எம்பி! டிஸ்க்குகளின் அமைப்பைச் சொல்லும் மவுண்ட்லிஸ்ட் ஃபைலில், கடைசி சிலிண்டர் எண்ணைக் குறிக்கும் ஹைசில் என்ற வரியை 21 ஆக்கினேன். பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் 22 சிலிண்டர், 242 கேபி. புரோகிராமை மெஷின் மொழிக்கு மாற்றும் அசெம்பிளரும் நாலைந்து கமாண்டும் நான் எழுதிய புரோகிராமின் சோர்ஸும் அதில் அடங்கின. ஒரே டிரைவ் வைத்துக்கொண்டு பிளாப்பியை மாற்றி மாற்றிப் போட்டவர்களுக்குத்தான் அந்தச் சுகம் தெரியும். கிக்ஸ்டார்ட் 1.3 இருந்தால் ராட்-இலிருந்தே பூட்டும் ஆகலாம்.

அந்தச் சுகத்தில்தான் மாட்டினேன். எத்தனை முறை குரு வந்தாலும் ஃபைல் பிழைத்துக்கொண்டதா, பிளாப்பியில் சேமிக்கிற பழக்கமே எனக்கு விட்டுப்போனது. ஒரு சனிக்கிழமை, காலையில் பசியாறிவிட்டு உட்கார்ந்தவன் மாலை நாலு மணிவரை எழுந்திருக்கவில்லை. நம் கேஎல் மழை தெரியுமே, வானம் இருண்டு, ஒரே ஓர் இடி. மின்விசிறி வேகம் குறைந்து மறுபடி சுற்ற ஆரம்பித்தது. அவ்வளவுதான், ஒரு விநாடிகூட இருக்காது. திரையில், புதிதாக ஆன் செய்ததுபோல, பிளாப்பியைக் கேட்டு நிற்கும் கை.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அம்மா சமையலறையிலிருந்து கேட்டார்: "அதான் லைட் வந்துருச்சே, அப்புறம் என்ன?"