முள் நின்ற இடத்தில் ஒரு குரல்

நேயர்களுக்கு வணக்கம்.

இளைஞர்களின் அன்றாட வாழ்க்கை, பொழுதுபோக்கு, அவர்களுடைய சின்னச் சின்னச் சாகசங்கள் ஆகியவற்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் அழைத்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. காலையில் வேலைக்குப் போய், இரவில் வீடு திரும்பி, கைப்பேசியை நெஞ்சின் மேல் வைத்தபடியே உறங்கிப்போகும் 26 வயதுக்காரனிடம் சாகசம் என்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது? மலையேறியதில்லை, கடலில் நீந்தியதில்லை, வழி தெரியாமல் தவறான பேருந்தில் ஏறிய கதைகள் சில உண்டு, ஆனால் அவை எல்லோரிடமும் உண்டு. யோசித்துப் பார்த்ததில், கடந்த ஒன்றரை ஆண்டாக தொலைதூர நாடுகளின் ஒலிபரப்பையும் பிடிக்கும் ஒரு பழைய சிற்றலை (ஷார்ட் வேவ்) வானொலிப் பெட்டியோடு நான் கழித்துவரும் இரவுகளைத்தான் சொல்லலாம் என்று பட்டது. வானொலி நிலையத்துக்கே வந்து வானொலியின் பெருமையைப் பேசுவது, விருந்துக்குப் போன வீட்டில் சமையலைப் புகழ்வதைப் போலத் தோன்றலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்பு என் மாலைப்பொழுதுகள் எப்படி இருந்தன என்பதைச் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் கைப்பேசியைத் திறப்பேன். எனக்குப் பிடித்தவை எவை என்று என்னைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருக்கும் அந்தக் கருவி, ஒன்று முடிவதற்குள் அடுத்ததைத் தயாராக வைத்திருக்கும். அதில் எனக்கு ஏமாற்றமே நேர்ந்ததில்லை. தேடி எதுவும் கிடைக்காமல் போன இரவு என்று ஒன்றுகூட இல்லை. ஆனால் முந்தைய இரவு என்ன பார்த்தேன் என்று மறுநாள் மதியம் யாராவது கேட்டால் விழிப்பேன். மூன்று மணி நேரம் எங்கேயோ போயிருக்கும். எங்கே போனது என்பதற்குச் சாட்சியாகச் சிவந்த கண்கள் மட்டும் இருக்கும்.

வீடு மாறியபோது பரணில் அந்தப் பெட்டி கிடைத்தது. தாத்தாவுடையது. உள்ளே விட்டுவைத்திருந்த பேட்டரிகள் கசிந்து, அவை தொடும் சுருள்கம்பிகள் முழுவதும் வெள்ளைப் பொருக்காக உப்புப் பூத்திருந்தன. வினிகரில் நனைத்த பஞ்சால் பொருக்கைக் கரைத்து, உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, பளபளப்பு வந்த பிறகு புதிய பேட்டரிகளைப் போட்டேன். முன்பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் 49, 41, 31, 25, 19 என்று எண்கள். அவற்றின் மேல் ஊசி போன்ற சிவப்பு முள். திருகைத் திருப்பினால் உள்ளே ஒரு நூல் இழுபட்டு முள் நகர்வது தெரிந்தது. அந்த எண்கள் மீட்டர் கணக்கில் அலைநீளத்தைக் குறிப்பவை என்பது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அன்றைக்கு அவை ஏதோ பூட்டின் இரகசிய எண்களைப் போலத்தான் இருந்தன.

முதல் இரவு கிடைத்ததெல்லாம் இரைச்சல் மட்டுமே. கொதிக்கும் எண்ணெயைப் போன்ற ஓர் ஓசையும், அதற்கடியில் ரம்பம் அறுப்பதைப் போன்ற இன்னோர் ஓசையும் எண்ணுக்கு எண் மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தன. பெட்டி பழுது என்று முடிவுகட்டி மூடி வைக்கப்போன நேரத்தில், அறையின் எல்.இ.டி. விளக்கை அணைத்தேன், ரம்பம் பாதியாகக் குறைந்தது. அதுதான் பிடி கொடுத்தது. மடிக்கணினியின் மின்கம்பியைப் பிடுங்கினேன், இணைய மோடத்தை நிறுத்தினேன், ஒவ்வொன்றுக்கும் இரைச்சல் ஒரு படி இறங்கியது. கடைசியில் எஞ்சியிருந்தது கைப்பேசி சார்ஜர். அதையும் பிடுங்கிய பிறகு அறை முழுவதும் இருட்டாகிவிட்டது. பெட்டியிலிருந்து, கிணற்றுக்கு அடியிலிருந்து வருவதைப் போல, ஒரு மனிதக் குரல் எழுந்தது. என்ன மொழி என்று தெரியவில்லை. ஏதோ செய்தி வாசிக்கும் தோரணை. பிறகு ஒரு கம்பி வாத்தியத்தின் இசை. மறுபடியும் அதே குரல். நாற்பது நிமிடங்கள் காதைப் பெட்டியோடு ஒட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மணி முழுமையாகும்போது நிலையத்தின் பெயரைச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். சொன்னார்கள்; சரியாக அந்த வினாடியில் ஒலி அமுங்கிப்போனது. எந்த நாட்டின் குரல் அது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் மறுநாள் மதியம் யாராவது கேட்டிருந்தால், அந்த நாற்பது நிமிடங்களையும் வரி வரியாகச் சொல்லியிருப்பேன்.

பகலில் ஊமையாக இருக்கும் இடங்களில் இரவில் குரல்கள் முளைப்பதேன் என்ற கேள்வி மறுநாள் பேருந்திலும் என்னை விடவில்லை. படித்துப் பார்த்தேன். பூமிக்கு மேலே ஏறத்தாழ 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், சூரிய ஒளியால் உருவாகும் ஓர் அயனி அடுக்கு, அதாவது மின்னேற்றம் பெற்ற துகள்கள் நிறைந்த காற்றடுக்கு, இருக்கிறது. பகலெல்லாம் அது மத்திய அலையையும் (மீடியம் வேவ்) சிற்றலையின் குறைந்த அலைவரிசைகளையும் உறிஞ்சிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைந்துபோக, அலைகள் தடையின்றி மேலேறி, 200 கிலோமீட்டருக்கும் மேலேயுள்ள இன்னோர் அடுக்கில் வளைந்து, கண்டங்களைத் தாண்டி மீண்டும் தரைக்கு இறங்குகின்றன. வெவ்வேறு பாதைகளில் வந்து சேரும் அதே அலை சில நேரம் தன்னைத்தானே அழித்துக்கொள்வதால்தான், நிலையத்தின் பெயரைச் சொல்லும் நேரத்தில் குரல் அமுங்குகிறது. (பெயரைச் சொல்லும் நேரத்தில்தான் அமுங்குவேன் என்று அது ஏன் பிடிவாதம் பிடிக்கிறது என்பதற்கு எந்தப் புத்தகத்திலும் விளக்கம் இல்லை.) 1901 டிசம்பர் 12 அன்று, நியூஃபவுண்ட்லாந்தின் குன்று ஒன்றில் பட்டத்தில் கம்பியைக் கட்டிப் பறக்கவிட்டு, இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டி வந்த மோர்ஸ் தந்திக் குறியீட்டின் மூன்று புள்ளி ஒலிகளைக் கேட்டதாக வானொலி முன்னோடி மார்க்கோனி அறிவித்தபோது, உருண்டையான பூமியை அலை எப்படிச் சுற்றி வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. மறு ஆண்டே கென்னலி, ஹெவிசைடு என்ற இரண்டு அறிஞர்கள் தனித்தனியாக வானில் அப்படியொரு கூரை இருக்க வேண்டும் என்றார்கள்; 1924-இல் இங்கிலாந்தின் இயற்பியலாளர் ஆப்பிள்டன் அதைச் சோதனையால் நிறுவினார்; 1947-இல் அவருக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கம்பியையும் பட்டத்தையும் பற்றிப் படித்தபோதுதான், எனக்கும் ஒரு கம்பி வேண்டும் என்ற ஆசை வந்தது.

ஆசை நியாயமானதுதான், செயல்படுத்திய விதம்தான் சரியில்லை. ஏழெட்டு மீட்டர் மெல்லிய செம்புக் கம்பியைச் சன்னலிலிருந்து மாடியின் மறுமூலைக்கு இழுத்து, ஒரு முனையைக் கிளிப்பால் பெட்டியின் ஏரியலில் மாட்டினேன். இருட்டில் கட்டியதால், பக்கத்து வீட்டு ஐயா துணி உலர்த்தும் கொடியோடு அது பின்னிக்கொண்டிருப்பதை நான் கவனிக்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் கதவு தட்டப்பட்டது. ஒரு கையில் நனைந்த வேட்டியும் மறு கையில் என் கம்பியின் அறுந்த முனையுமாக அவர் நின்றிருந்தார்.

"தம்பி, இதுல கரண்ட் வருமா?"

"வராதுங்க ஐயா, இது ரேடியோ கேட்கிறதுக்கு."

"ரேடியோவா? அதான் போன்லயே வருதே" என்றார்.

அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல், அன்று இரவு அவரையே அழைத்துக் கேட்கவைத்தேன். முதலில் சலிப்போடு உட்கார்ந்தவர், இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல் தட்டுப்பட்டதும் "நில்லு, நில்லு, பின்னால போ" என்று திருகைத் தாமே வாங்கிக்கொண்டார். இப்போது கம்பி அவருடைய கொடிக்கு மேலே, அவரே அடித்துக்கொடுத்த ஆணியில் தொங்குகிறது. மழைக்காலத்தில் இடி முழங்கத் தொடங்கினால் கம்பியைக் கழற்றும்படி முதலில் குரல் கொடுப்பவரும் அவர்தான்.

தனியாகக் கேட்பது என்பது இளைஞர்களுக்குப் புதிதல்ல. 1954-இல் அமெரிக்காவில் முதல் டிரான்சிஸ்டர் வானொலி விற்பனைக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் கூடத்திலிருந்த வானொலி சட்டைப்பைக்குள் இறங்கி, பெற்றோருக்குத் தெரியாமல் போர்வைக்குள் பாட்டுக் கேட்கும் வழக்கம் தொடங்கியது. 1979-இல் வாக்மேன் வந்தபோது அது நடைக்கும் துணையானது. இன்று பேருந்தில் நிற்கும் பத்துப் பேரின் காதுகளிலும் பத்து வேறு வேறு உலகங்கள் ஓடுகின்றன. அதில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை, நானும் அந்தப் பத்தில் ஒருவன்தான். ஆனால் நான் கேட்கும் அதே வினாடியில் எங்கோ ஒருவர் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து தொண்டையைக் கனைத்துக்கொள்கிறார் என்ற எண்ணம், பதிவுசெய்து வைத்த எதிலும் எனக்குக் கிடைப்பதில்லை.

அவருக்கு எழுதவும் முடியும் என்று அறிந்தபோதுதான் இந்தப் பித்து முற்றியது. ஒரு நிலையத்தைக் கேட்டால் தேதி, நேரம், அலைவரிசை, ஒலியின் தெளிவு, கேட்ட நிகழ்ச்சியின் விவரம் ஆகியவற்றை எழுதி அனுப்ப வேண்டும். விவரங்கள் சரியாக இருந்தால், நீங்கள் கேட்டது உண்மை என்று ஒப்புக்கொண்டு அவர்கள் ஒரு வண்ண அட்டை அனுப்புவார்கள். தெளிவைக் குறிக்க ஒன்று முதல் ஐந்து வரையான மதிப்பெண்கள் உண்டு. சிற்றலை நேயர்கள் இந்த மதிப்பெண்ணில் காட்டும் கண்டிப்பைக் கண்டு வியந்திருக்கிறேன். நன்றாகக் கேட்டது என்று பொய்யாக ஐந்து போடுவது அவர்களிடையே பெரிய குற்றம். நான் அனுப்பிய முதல் அறிக்கையில் நேர்மையாக இரண்டுதான் போட்டேன். தவறு வேறு இடத்தில் நடந்தது. சிற்றலை உலகம் முழுவதும் கிரீன்விச் நேரக் கணக்கில்தான் இயங்குகிறது. நானோ நள்ளிரவு தாண்டி அரை மணிக்குக் கேட்டதை என் கடிகாரப்படி 14-ஆம் தேதி என்று எழுதிவிட்டேன். கிரீன்விச்சில் அப்போது 13-ஆம் தேதி மாலைதான். இன்னும் ஒலிபரப்பாகாத நிகழ்ச்சியைக் கேட்டதாக நான் அறிவித்திருந்தேன். நான்கு மாதம் கழித்து அட்டை வந்தது. பின்பக்கத்தில், அச்சிட்ட கட்டங்களுக்குள் யாரோ பச்சை மையில் 14-ஐ அடித்து 13 என்று திருத்தி, பக்கத்தில் சிறியதாக ஒரு சிரிப்பு முகத்தை வரைந்திருந்தார்கள். எங்கோ ஓர் அலுவலகத்தில் ஒருவர் என் எழுத்தை வரிவரியாகச் சரிபார்த்திருக்கிறார் என்பதை அந்தப் பச்சை மைதான் எனக்குச் சொன்னது.

இந்த விளையாட்டு நெடுநாள் நீடிக்காது என்பது எனக்குத் தெரியும். 2001-ஆம் ஆண்டிலேயே பி.பி.சி. உலகச் சேவை வட அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்குமான சிற்றலை ஒலிபரப்பை நிறுத்திவிட்டது. அதன் பிறகு பல நாடுகளின் நிலையங்கள் ஒவ்வொன்றாகச் சிற்றலையை விட்டு விலகின. நெதர்லாந்தின் பல்கலைக்கழகம் ஒன்று வைத்திருக்கும் வானொலிப் பெட்டியை, யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே இணையத்தின் வழியே திருகிக் கேட்கலாம் என்று நண்பன் காட்டினான். அருமையான ஏற்பாடுதான், ஆனால் அதில் கேட்டதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. பக்கத்து வீட்டு ஐயாவும் சேர்ப்பதில்லை. என்னைவிட அவர் கறார்.

போன வாரம் இருவரும் 10 மெகாஹெர்ட்ஸ் அருகே முள்ளை நகர்த்திக்கொண்டிருந்தோம். அமெரிக்காவின் நேரம் காட்டும் நிலையங்கள் இரண்டு, கொலராடோவிலிருந்தும் ஹவாயிலிருந்தும், அதே அலைவரிசையில் இரவு பகலாக வினாடிக்கு ஒரு துடிப்பை அனுப்பிக்கொண்டிருக்கின்றன. கொலராடோவில் ஆண் குரலும் ஹவாயில் பெண் குரலும் நிமிடந்தோறும் நேரத்தைச் சொல்கின்றன. எங்களுக்குத் துடிப்பு மட்டும், மிக மெல்லியதாக, மூன்று நிமிடம் கேட்டது. அந்தப் பெண் குரல் வருகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். வரவில்லை. "நாளைக்குப் பார்ப்போம்" என்று ஐயா செருப்பை மாட்டிக்கொண்டார்.

இந்த நிலையம் மத்திய அலையிலும் ஒலிபரப்புகிறது என்று சற்று முன்பு பொறியாளர் சொன்னார். இப்போது இருட்டிவிட்டது. ஆகவே, நான் இதுவரை பேசியதில் பாதியை மட்டும், அதுவும் இரைச்சலுக்கு நடுவே, வெகு தொலைவிலிருந்து யாராவது கேட்டிருக்கவும் கூடும். அப்படியொருவர் இருந்தால், நிலையத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். தேதியை மட்டும் கிரீன்விச் கணக்கில் போடுங்கள். வணக்கம்.